தோள் வலிக்கிறதா, இரவில் குளிர்கிறதா? சுமை குறைத்து மலையேறுபவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் வருடத்துக்கு மூன்று நான்கு முறை பைகளைப் பிரித்துக் கொட்டுவோம். இமயமலையில் கேதார்காந்தாவுக்கோ, ஹம்ப்டா கணவாய்க்கோ, பக்கத்தில் குமார பர்வதத்துக்கோ கிளம்புகிறவர்கள் "ஒரு தடவை பையைப் பாத்துக் குடுங்கண்ணா" என்று வந்து நிற்பார்கள். திரும்பி வந்ததும் ஆளுக்கொரு குறை சொல்வார்கள். ஒருவருக்குத் தோள், ஒருவருக்குக் குதிகால். போன முறை 16 கிலோ தூக்கி நொந்துபோனவர், இந்த முறை 8 கிலோவோடு போய் இரண்டு இரவு தூங்காமல் நடுங்கிவிட்டு வந்திருப்பார்.

இத்தனை பைகளைப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தோள் வலித்தால் எடைதான் காரணம் என்று முடிவுகட்டி, தரையில் விரித்துப் படுக்கும் மேட்டை வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த பயணத்தில் குளிர்கிறது, உடனே விலையுயர்ந்த ஸ்லீப்பிங் பேக் வாங்குகிறார்கள். தோள் வலிக்குக் காரணம் இடுப்புப் பட்டை. குளிருக்குக் காரணம் விட்டுவந்த மேட். நோய் ஒரு இடத்தில், மருந்து வேறு இடத்தில்.

அதனால் உங்கள் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணங்கள் முதலில் வரும், செலவு பிடிப்பவை கடைசியில். முதல் படியைச் சரிபார்க்காமல் அடுத்ததற்குத் தாவ வேண்டாம். கையில் இருக்க வேண்டியவை மூன்று: பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு, சமையலறைத் தராசு, தையல்காரர் டேப்.

## தோள் வலிக்கிறது

எங்கே வலிக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். தோளின் மேல்பக்கமா, முன்பக்கமும் அக்குளுமா? அதைப் பொறுத்துக் காரணம் மாறும்.

### தோளின் மேல்பக்கம் அழுந்தினால்

பையின் எடையில் பெரும்பங்கை இடுப்பு வாங்க வேண்டும். அது வாங்கவில்லை என்று அர்த்தம்.

முதல் சோதனை: பயணத்துக்குக் கொண்டுபோகும் மொத்தப் பொருளையும் வைத்துப் பையை மாட்டி, இடுப்புப் பட்டையை இறுக்குங்கள். பிறகு இரண்டு தோள்பட்டைகளையும் முழுக்கத் தளர்த்துங்கள். பை இடுப்பிலேயே உட்கார்ந்திருந்தால் பட்டை சரி. சர்ரென்று கீழே இறங்கினால் பட்டை தப்பான இடத்தில் இருக்கிறது, அல்லது போதுமான இறுக்கம் இல்லை. இடுப்பில் கை ஊன்றி நிற்கும்போது கை உட்காருமே, அந்த எலும்பு விளிம்பின் மேல் பட்டையின் நடுப்பகுதி படிய வேண்டும். பலர் வயிற்றைச் சுற்றிக் கட்டுகிறார்கள். அதனால் எடையும் இறங்காது, மூச்சும் முட்டும்.

மாட்டும் வரிசையும் முக்கியம். எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் இடுப்பு, அடுத்து தோள், அப்புறம் தோளுக்கு மேலே பையோடு சேரும் சிறு பட்டை, கடைசியில் மார்புப் பட்டை. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதே வரிசைதான். அரை நிமிட வேலை. தோள் வலியோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் எங்கள் மாடியிலேயே இதோடு சரியாகிவிடும்.

இரண்டாவது சோதனை, முதுகின் நீளம். தலையைக் குனியுங்கள். கழுத்தடியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து, இரண்டு பக்க இடுப்பெலும்பின் உச்சியையும் இணைக்கும் கோடு வரை முதுகெலும்பை ஒட்டி வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் பை அளவு. 60 லிட்டர், 50 லிட்டர் என்பதெல்லாம் கொள்ளளவு மட்டுமே. நான் முதலில் வாங்கிய பையை லிட்டர் கணக்கில்தான் கேட்டேன், கடையிலும் லிட்டர் கணக்கில்தான் கொடுத்தார்கள். என் முதுகைவிட 6 செ.மீ. நீளமான அந்தப் பையை இரண்டு வருடம் சுமந்தேன். ஸ்வெட்டரைக்கூட விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன், வலி போகவில்லை. முதுகுப் பகுதியை ஏற்றி இறக்கும் வசதி உள்ள பையாக இருந்தால் உங்கள் அளவுக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாமல் 4, 5 செ.மீ. வித்தியாசம் இருந்தால் எந்தப் பட்டையை இழுத்தும் பயனில்லை. அந்தப் பையை உயரம் பொருந்தும் ஒருவருக்குக் கொடுத்துவிடுவதே நல்லது.

மூன்றாவது காரணம் சுமை குறைப்பவர்களுக்கே உரியது: சட்டகம் இல்லாத மெல்லிய பை. ஒரு கிலோ மிச்சம் என்று வாங்குவார்கள். பை மட்டும் லேசாகிவிடும், உள்ளே போகும் பொருட்கள் பழைய 13 கிலோவாகவே இருக்கும். இந்த வகைப் பைகள் 9, 10 கிலோ வரைதான் உடம்புக்கு இதமாக இருக்கும். அதற்கு மேல் போனால் பை மடிந்து எடை முழுவதும் தோளுக்கு ஏறும். என் அழுத்தமான கருத்து இது: மற்ற எல்லாவற்றையும் குறைத்த பிறகு, கடைசியாகத்தான் பையைக் குறைக்க வேண்டும். உள்ளே என்ன போகப்போகிறது என்று தெரியாமல் பை வாங்கவே கூடாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வலித்தால் தோள்பட்டையின் உள்ளே இருக்கும் ஃபோம் செத்துப்போயிருக்கும். கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள், எழும்பவில்லையென்றால் அதுதான். பஸ் ஸ்டாண்டு பக்கம் பை தைப்பவரிடம் கொடுத்தால் ஃபோமை மாற்றித் தந்துவிடுவார். புதுப் பை தேவையில்லை.

### முன்தோளும் அக்குளும் இழுத்தால்

மேலே சொன்ன சிறு பட்டை தோளிலிருந்து பையை நோக்கி ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் ஏற வேண்டும். தட்டையாகவோ கீழ்நோக்கியோ இருந்தால் பை உங்களைப் பின்னுக்கு இழுக்கும். அதைச் சற்று இறுக்குங்கள். மார்புப் பட்டை காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், ஆழமாக மூச்சு விட இடம் வேண்டும்.

### கை மரத்துப்போனால்

இதைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. தோள்பட்டை, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றையை அழுத்தினால் விரல் மரக்கும், கை தளரும். உடனே பையைக் கழற்றுங்கள். எடையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். சில நிமிடங்களில் உணர்வு திரும்பினால் பட்டைகளை மேலே சொன்னபடி சரிசெய்து, குறைந்த எடையோடு நடக்கலாம். மரப்பு அன்றைக்குள் போகாவிட்டாலோ, கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாவிட்டாலோ, அந்தப் பயணத்தில் மறுபடி பை மாட்டக் கூடாது. ஊருக்கு வந்ததும் எலும்பு அல்லது நரம்பு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

## பை ஆடுகிறது, பின்னால் இழுக்கிறது

அடுக்கியது தப்பு. கனமானவை (உணவு மூட்டை, அடுப்பு, தண்ணீர்) முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வர வேண்டும். ஸ்லீப்பிங் பேக் அடியில், லேசான துணிகள் வெளிப்பக்கம். வெளியே தொங்கும் தட்டு, டம்ளர், செருப்பு எல்லாவற்றையும் உள்ளே தள்ளுங்கள். பக்கவாட்டுப் பட்டைகளை இழுத்து, பாதி காலியான பையைச் சுருக்குங்கள். பெரிய பை காலியாக இருந்தால் நிரப்பச் சொல்லி நம்மைத் தூண்டும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

## எவ்வளவு எடுத்து வைத்தாலும் எடை குறையவில்லை

கண்ணளவில் குறைக்க முடியாது. ஒவ்வொரு பொருளையும் சமையலறைத் தராசில் வைத்து எழுதுங்கள். சாப்பாடு, தண்ணீர், எரிவாயு தவிர்த்த மொத்தம்தான் அடிப்படை எடை. அமெரிக்காவில் நெடும்பாதை நடப்பவர்கள் இதை 4.5 கிலோவுக்குக் கீழே கொண்டுவந்தால்தான் மிக லேசு என்பார்கள். அந்தக் கணக்கை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். வாடகைப் பொருட்களோடு டிசம்பரில், கேதார்காந்தாவின் அடிவார ஊரான சாங்க்ரியிலிருந்து பனியில் ஏறுகிறவருக்கு 7, 8 கிலோவே நல்ல எடை. சாப்பாடும் தண்ணீரும் சேர்ந்த மொத்தம் உங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் போதும். 60 கிலோ ஆளுக்கு 12 கிலோ.

எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பாட்டி 1955இல், தன் 67ஆம் வயதில், அப்பலாச்சியன் பாதையின் 3,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தைத் தனியாக நடந்து முடித்தார். தானே தைத்த துணிமூட்டை, ஒரு போர்வை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை, காலில் கேன்வாஸ் ஷூ. எனக்கு அவர் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் வழியில் பல வீடுகளில் தங்கியும் சாப்பிட்டும் நடந்தார் அவர். நாம் போகிற இடத்தில் அந்த வீடுகள் இல்லை.

தராசில் எழுதிய பட்டியலில் இந்த வரிசையில் தேடுங்கள்.

தண்ணீர். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. வழியில் எங்கெங்கே ஓடை, ஊற்று இருக்கிறது என்று உள்ளூர் வழிகாட்டியிடம் கேளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஊற்று இருக்கும் பாதையில் மூன்று லிட்டர் சுமப்பது வீண். சுத்திகரிக்க மாத்திரையோ சிறு வடிகட்டியோ போதும். பாட்டிலையும் பாருங்கள். சூடு தாங்கும் எவர்சில்வர் ஃபிளாஸ்க் காலியாகவே கால் கிலோவைத் தாண்டும். லேசான பெட் பாட்டில் என்றால் நீலகிரி மாவட்டத்தில் அதற்குத் தடை இருக்கிறது. தடித்த, பலமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரவிலும் ஒரு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

இரட்டைப் பொருட்கள். மூன்று பேர் போனால் மூன்று அடுப்பு, மூன்று கத்தி, மூன்று பற்பசை. மாடியில் கொட்டியவுடனே இது தெரிந்துவிடும். குழுவுக்கு ஒன்று என்று பிரித்து, யார் எதைச் சுமப்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். முதலுதவிப் பெட்டியை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவரவர் மாத்திரை அவரவரிடம் இருக்க வேண்டும்.

துணி. நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட், உள்ளாடையும் சாக்ஸும் கூடுதலாக ஒன்று. நாளுக்கு ஒரு சட்டை கிடையாது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயவே காயாது. டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. நம் ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கும் மிகச் சிறந்த லேசான பொருள் அதுதான். துடைக்கலாம், தலையில் கட்டலாம், கழுத்தில் சுற்றலாம், டென்ட்டின் உள்ளே கோத்த நீரை ஒற்றி எடுக்கலாம், அரை மணி வெயிலில் காய்ந்துவிடும்.

சாப்பாடு. இதற்குத் தனித் தலைப்பு கீழே இருக்கிறது. இங்கே வெட்டப்போகும் முன் அதைப் படியுங்கள்.

பெரிய பொருட்கள். டென்ட், ஸ்லீப்பிங் பேக், பை. காசு போட்டால் கிலோக் கணக்கில் குறைவது இங்கேதான். வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவர் வாங்க வேண்டியதில்லை. நல்லதாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தால் போதும்.

அதற்கும் மேல் கனத்தால், சாங்க்ரி போன்ற ஊர்களில் கோவேறு கழுதையோ சுமை தூக்குபவரோ கிடைப்பார்கள். முதுகில் பழைய அடி இருப்பவர்களும், ஐம்பதைத் தாண்டி முதல்முறை வருபவர்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் சுமையைக் கட்டுக்குள் வையுங்கள், பேசிய கூலியைக் குறைக்காதீர்கள்.

## இரவில் குளிர்கிறது

எனக்கு மிக அதிகமாக வரும் குறை இது. தவறான பொருளுக்கு அதிகம் செலவழிப்பதும் இதில்தான். இரண்டு கேள்விகள். குளிர் கீழிருந்து வருகிறதா, மேலிருந்தா? படுத்தவுடனேயா, விடியற்காலையிலா?

கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை. குளிரும்போதே எழுந்து, மிச்சத் துணி, மழைக்கோட்டு, காலியான பை எல்லாவற்றையும் இடுப்புக்கும் முதுகுக்கும் அடியில் விரித்துப் படுங்கள். கால்மணி நேரத்தில் நிலைமை தேறினால் குற்றவாளி மேட். தேறாவிட்டால் மேலே உள்ளதைப் பாருங்கள்.

### கீழிருந்து குளிர்ந்தால்

ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உடம்புக்கு அடியில் நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு குளிரைத் தடுக்காது. அந்த இடத்தில் காப்பது மேட் மட்டும்தான். மேட்டின் தடுக்கும் திறனை ஆர் மதிப்பு என்று எண்ணால் சொல்வார்கள். மடிக்கும் ஃபோம் மேட் பெரும்பாலும் 1.5 முதல் 2 வரை இருக்கும், எடை 400 கிராம் அளவில். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரும்பாலான இரவுகளுக்கு அது போதும். பனித்தரையில் 4, 5 வேண்டும்.

செலவில்லாத வழி: இரண்டு மேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் மதிப்புகள் கூடும். பனிக்குப் போகும்போது நண்பரிடம் இன்னொரு ஃபோம் மேட் கடன் வாங்குங்கள். கூடுதலாக ஏறும் 400 கிராம், உங்களைத் தூங்கவைக்கும் 400 கிராம். எடை குறைக்கிறேன் என்று மேட்டைப் பாதியாக வெட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோடையில் சரி. பனியில் காலுக்கு அடியில் பையை விரித்தாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்று ஊதும் மெத்தை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: மெத்தென்று இருப்பதால் கதகதப்பு வராது. உள்ளே காப்புப் பொருள் இல்லாத சாதாரண ஊதல் மெத்தையில், உள்ளே சுற்றும் காற்றே குளிரை மேலே கொண்டுவரும். ஆர் மதிப்பு அச்சிடாத மெத்தையைப் பனிக்குக் கொண்டுபோக வேண்டாம். இரவில் மெத்தை இளைக்கிறதென்றால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்து ஒட்டுப் போடுங்கள். வால்வே கசிந்தால் ஒட்டு நிற்காது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

### மேலே குளிர்ந்தால், படுத்தவுடனேயே

ஸ்லீப்பிங் பேக் நம் சூட்டைத் தக்கவைக்கும், சூட்டை உண்டாக்காது. குளிர்ந்த உடம்போடு உள்ளே போனால் குளிராகவே இருக்கும். சாப்பிட்டுவிட்டு, பத்து நிமிடம் நடந்துவிட்டு, உடம்பு சூடாக இருக்கும்போது நுழையுங்கள். நடந்த துணியோடு படுக்காதீர்கள், அதில் வியர்வை இருக்கும். தூங்குவதற்கென்று ஒரு உலர்ந்த சாக்ஸை நான் நடக்கத் தொடவே மாட்டேன். பாட்டில் வேலை சொன்னேனே, அது இதுதான். சூடான தண்ணீரை அந்தத் தடித்த பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கி, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பெட் பாட்டில் சூட்டில் நெளிந்துவிடும், அதில் ஊற்ற வேண்டாம்.

தலைக்குக் குல்லா. கழுத்துக் கயிற்றை இறுக்குங்கள். ஆனால் மூக்கையும் வாயையும் உள்ளே இழுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சின் ஈரம் பேக்குக்குள் இறங்கும். பேக் உங்களைவிட மிக நீளமாக இருந்தால் கால்பக்கக் காலியிடத்தில் மிச்சத் துணியைத் திணியுங்கள்.

### விடியற்காலை மூன்று நான்கு மணிக்குக் குளிர்ந்தால்

இரவின் மிகக் குளிர்ந்த நேரம் நெருங்கும், சாப்பிட்டதும் தீர்ந்திருக்கும். தூங்கப் போகும் முன் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ ஒரு கடலைமிட்டாயோ சாப்பிடுங்கள். சிறுநீர் வந்தால் அடக்கிக்கொண்டு படுக்காமல் எழுந்து போய்விட்டு வாருங்கள். பிறகு தூக்கம் வரும்.

### இத்தனையும் செய்தும் குளிர்ந்தால்

இப்போதுதான் ஸ்லீப்பிங் பேக்கைச் சந்தேகப்பட வேண்டும். சீட்டைப் பாருங்கள். கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று வெப்பநிலைகள் இருக்கும். பேக்கின் மேல் பெரிதாக அச்சிட்ட எண் சில சமயம் லிமிட் அல்லது எக்ஸ்ட்ரீமாக இருக்கும். எக்ஸ்ட்ரீம் என்றால் உயிர் தப்புவதற்கான கணக்கு, தூங்குவதற்கு அல்ல. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட்.

வாடகைப் பேக் என்றால் வாங்கும்போதே வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் பளிச்சென்று தெரியும் இடத்தில் பஞ்சு இல்லை. ஒருமுறை இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்து, பார்க்காமல் வாங்கிக்கொண்டு மேலே போனேன். இரண்டு பக்கமும் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டு நடுமார்பில் வெறும் துணி. அந்த இரவை இன்னும் மறக்கவில்லை. சொந்தப் பேக்கை அழுத்திக் கட்டிய உறையிலேயே மாதக்கணக்கில் அலமாரியில் வைத்தாலும் இதே கதிதான். வீட்டில் தளர்ந்த பருத்திப் பையில் போட்டு வையுங்கள். தூவி (வாத்தின் மென்சிறகு) நிரப்பிய பேக் அழுக்கேறித் தட்டையாகிவிட்டால் அதற்கான சோப்பில் கழுவி முழுக்கக் காயவைத்தால் பெரும்பாலும் மீளும். சாதாரண ட்ரை கிளீனிங்கில் போட வேண்டாம். தூவி பற்றித் தெரிந்த சலவைக்காரரிடம் மட்டும் கொடுங்கள். கழுவியும் எழும்பாவிட்டால் புதிது வாங்கலாம்.

### குளிர் எப்போது ஆபத்து

நடுங்குவது உடம்பு போராடுகிறது என்பதற்கான அடையாளம். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கத்தை நிறுத்தினால், பேச்சு குழறினால், தடுமாறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், இது படுக்கைக் கோளாறு இல்லை. ஈரத் துணியைக் கழற்றி உலர்ந்ததைப் போர்த்துங்கள், தரையிலிருந்து பிரித்துப் படுக்கவையுங்கள். விழுங்கும் அளவுக்குத் தெளிவு இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கூடாது. வழிகாட்டியை எழுப்பி மீட்புக்கு ஏற்பாடு செய்யுங்கள். சிக்னல் கிடைத்தால் 112.

## காலையில் எல்லாம் ஈரமாக இருக்கிறது

மழை பெய்யாத இரவில் டென்ட்டின் உள்ளே ஈரம் என்றால் ஒழுகவில்லை. உங்கள் மூச்சுதான் துணியில் படிந்திருக்கிறது. எடை குறைந்த ஒற்றைச் சுவர் டென்ட்டுகளில் இது கட்டாயம் வரும். இரண்டு முனைகளிலும் காற்றுவழியைத் திறந்து வையுங்கள், குளிருக்குப் பயந்து மூட வேண்டாம். ஓடையை ஒட்டிய பள்ளத்தில் போடாமல் சற்று மேடான இடத்தில் போடுங்கள்.

மழை பெய்து, தையல் ஓரத்தில் சொட்டினால் தையலின் மேல் ஒட்டிய டேப் உரிந்திருக்கும். தையல் ஒட்டும் பசை கடைகளில் கிடைக்கும், வீட்டிலேயே பூசலாம். உட்புறப் பூச்சு பிசுபிசுத்துச் செதிலாக உதிர்ந்தால் டென்ட்டின் ஆயுள் முடிந்தது.

பையின் உள்ளே நனைந்தால், வெளியே மாட்டும் மழை உறையை மட்டும் நம்பியிருப்பீர்கள். முதுகுப் பக்கம் அது திறந்துதான் இருக்கும், தண்ணீர் முதுகு வழியாக இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கையும் தூங்கும் துணியையும் நீர் புகாத உள்பையில் போட்டுக் கட்டுங்கள். எவ்வளவு எடை குறைத்தாலும் இதைக் குறைக்க மாட்டேன்.

## காலில் கொப்புளம்

குதிகாலில் என்றால் ஷூவுக்குள் குதி மேலும் கீழும் வழுக்குகிறது. மேல் ஓட்டையில் கயிற்றை வளையமாகக் கோத்து இறுக்கினால் குதி நிற்கும். விரல்நுனியிலும் நகத்திலும் என்றால் இறக்கத்தில் விரல் இடிக்கிறது. நகத்தை வெட்டுங்கள், ஷூ அரை அளவாவது பெரிதாக இருக்கட்டும், நடக்க நடக்கப் பாதம் வீங்கும். சூடாக உரசுகிற உணர்வு வந்த அந்த நிமிடமே நின்று மெடிக்கல் கடை பேப்பர் டேப்பை ஒட்டுங்கள். "அடுத்த ஓய்வில் பாத்துக்கலாம்" என்றால் அது கொப்புளமாகிவிடும்.

கால் முழுக்க ஊறி வெளுத்தால் ஷூ தேர்வு தப்பு. ஜூன் முதல் நவம்பர் வரை நம் மலைகளில் நீர் புகாத கனமான பூட்ஸுக்குள் தண்ணீர் மேல்வழியாக இறங்கும், அப்புறம் வெளியே போகாது. வலைத்துணி ஷூ நனைந்தாலும் நடக்க நடக்கக் காயும். அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்க நீளமான அட்டைப்பூச்சிச் சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பனியில் நேர்மாறு, நீர் புகாத பூட்ஸ்தான் வேண்டும். காலில் ஏறும் ஒவ்வொரு நூறு கிராமும் முதுகில் ஏறுவதைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாலைந்து வருடம் பரணில் கிடந்த பூட்ஸின் அடிப்பாகம் நடுவழியில் வாயைப் பிளக்கும். தேயவே இல்லையே என்று நினைப்போம், நடுவில் உள்ள ஃபோம் சும்மா கிடந்தே மக்கிவிடும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டு வளைத்து நடந்து பாருங்கள். வெறும் பசை விட்டிருந்தால் செருப்புத் தைப்பவர் ஒட்டிச் சுற்றித் தைத்துவிடுவார். ஃபோம் பொடியாக உதிர்ந்தால் அவராலும் முடியாது.

கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சின்னக் கொப்புளத்துக்கே போக வேண்டும்.

## இறக்கத்தில் முழங்கால் வலி

வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்குவது வெறும் வழக்கம் இல்லை. இறக்கத்தில் முட்டிக்கு வரும் அடியைத் தடி பங்குபோட்டுக்கொள்கிறது. எடை மிச்சம் என்று தடியை விட்டு வருகிறவர்கள் இறங்கும் நாளில் வருந்துகிறார்கள். இரண்டு தடி நல்லது, இறக்கத்தில் சற்று நீட்டி ஊன்றுங்கள். அடியைச் சின்னதாக வையுங்கள், முட்டியை விறைப்பாக நீட்டி இறங்காதீர்கள். பிறகும் வலித்தால் இறங்கும் நாளில் உங்கள் சுமையைக் குறைத்து மற்றவரிடம் கொடுங்கள். முட்டி வீங்கினால், பூட்டிக்கொண்டால், எடை ஊன்றும்போது மடங்கினால், ஊருக்கு வந்து எலும்பு மருத்துவரைப் பார்க்கும் வரை அடுத்த பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

## மதியத்துக்குள் தெம்பு போய்விடுகிறது

பை லேசு, பட்டை சரி, தூக்கமும் வந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. பெரும்பாலும் சாப்பாட்டை வெட்டியிருப்பீர்கள். ஒரு நாளைக்கு 600 முதல் 700 கிராம் உலர்ந்த உணவு வேண்டும். எடையைக் குறைக்க அளவைக் குறைக்காதீர்கள், வகையை மாற்றுங்கள். 100 கிராம் வேர்க்கடலையில் சுமார் 565 கலோரி. 100 கிராம் ஆப்பிளில் ஏறத்தாழ 50. ஆரஞ்சும் ஆப்பிளும் சுமப்பது தண்ணீர் சுமப்பது போலத்தான். புளிசாதம் முதல் நாள் மதியத்துக்கு மட்டும். அதற்கப்புறம் அவல், பொரிகடலை மாவு, சத்துமாவு, பருப்புப்பொடி, நெய், கருப்பட்டி, கடலைமிட்டாய். அவலுக்கு அடுப்பே வேண்டாம், கொஞ்ச நேரம் ஊறினால் போதும். விறகு மூட்டக் கூடாத காட்டில், எரிவாயு தீர்ந்த நாளில் இரண்டு முறை என்னைக் காப்பாற்றியது அவல்தான். விமானத்தில் எரிவாயுக் குப்பி அனுமதியில்லை என்பதால் இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும், கிடைக்காமலும் போகலாம். ஒரு நாள் அவல் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பசி எடுக்கும் வரை காத்திருக்காமல் மணிக்கொருமுறை ஒரு வாய் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு, சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் சில கிராம்தான்.

சாப்பிட்டும் தெம்பு வரவில்லை, உயரமோ 2,500 மீட்டருக்கு மேல் என்றால் பையை மறந்துவிட்டு ஆளைப் பாருங்கள். தலைவலி, அதோடு குமட்டலோ சாப்பாடு பிடிக்காமையோ தலைசுற்றலோ இருந்தால் அது உயர நோயாக இருக்கக்கூடும். அன்று மேலே ஏறாதீர்கள். குதிகாலையும் விரல்நுனியையும் ஒட்டி ஒட்டி வைத்து ஒரு நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். குடிபோதையில் நடப்பவர் போலத் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் இறக்குங்கள், குறைந்தது 300 மீட்டர், தேறும் வரை 1,000 மீட்டர் வரைக்கும். அவர் பையை அங்கேயே விட்டுவிடுங்கள். துணைக்கு இரண்டு பேர் போங்கள்.